நர்சிங் எனக்குச் சரிப்படுமா? கல்லூரியில் பணம் கட்டும் முன் செய்து பார்க்க வேண்டியவை

பிளஸ் 2 முடிவு வந்ததும் பல வீடுகளில் நர்சிங் பற்றிய பேச்சு மூன்று வாக்கியங்களோடு முடிந்துவிடுகிறது: உடனே வேலை கிடைக்கும், வெளிநாடு போகலாம், பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பான படிப்பு. மூன்றிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி, முதல் ஆண்டில் வார்டு போஸ்டிங் போகும்போதுதான் மாணவிக்குத் தெரிய வருகிறது. அதற்குள் பணம் கட்டியாகிவிட்டது, ஹாஸ்டலில் இடமும் போட்டாகிவிட்டது.

இந்த வழிகாட்டியில் உள்ள வேலைகளை மூன்று, நான்கு வாரங்களில் செய்து முடிக்கலாம். வரிசையை மாற்றாதீர்கள். முதலில் வேலை, பிறகு உடம்பு, பிறகு கணக்கு. அதன் பிறகுதான் படிப்பு, கல்லூரி, பணம். பெரும்பாலானவர்கள் சீட்டு எங்கே கிடைக்கும் என்பதில் தொடங்குகிறார்கள். பின்னால் வரும் வருத்தங்களில் பெரும்பகுதி அங்கேயே முளைக்கிறது.

படி 1: ஒரு டூட்டியை முழுதாகப் பாருங்கள்

பல தனியார் மருத்துவமனைகளில் காலை டூட்டி 7 அல்லது 8 மணிக்குத் தொடங்கி மதியம் 2 வரை இருக்கும். மாலை டூட்டி 2 முதல் 8 வரை. நைட் டூட்டி இரவு 8 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை வரை போகும். ஆள் குறைவான இடங்களில் பகல் 12 மணி நேரம், இரவு 12 மணி நேரம் என்று இரண்டே ஷிஃப்ட்.

டூட்டிக்கு வந்ததும் முதல் வேலை, முந்தைய ஷிஃப்ட்டிடம் ஒவ்வொரு படுக்கையாகப் பொறுப்பேற்பது. யாருக்கு என்ன நோய், எந்த மருந்து போயிற்று, எது பாக்கி, எந்த ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை என்பதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்து வெப்பநிலை, நாடி, மூச்சு எண்ணிக்கை, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு. பிறகு மருந்து ரவுண்ட். நடுவில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும், ஆர்டர்கள் மாறும், லேபுக்கு சாம்பிள் போகும், டிஸ்சார்ஜ் ஒன்று, புது அட்மிஷன் இரண்டு. மூக்குக் குழாய் வழியே உணவு கொடுக்க வேண்டும். சிறுநீர்ப் பையில் எத்தனை மில்லி என்று அளந்து எழுத வேண்டும். அசைய முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். புரட்டாமல் விட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். வந்த புண் ஆற வாரங்கள் ஆகும். செய்த ஒவ்வொன்றும் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு ஏற வேண்டும். எழுதாத வேலை செய்யாத வேலையாகத்தான் கருதப்படும். எழுத்து வேலை பிடிக்காதவர்களுக்கு இந்தத் துறை மிகவும் கடினம்.

மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவுப்படி பொது வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒருவர் இருக்க வேண்டும். நடப்பில் பொது வார்டுகளில் அதைவிடப் பல மடங்கு நோயாளிகளை ஒருவரே பார்க்கும் இரவுகள் சாதாரணம். “அன்பாகப் பேசிக் கவனிப்பேன்” என்ற கனவு உடைவது இங்கேதான். பேச நேரம் கிடைக்காத இரவிலும் பத்து பேருக்குச் சரியான மருந்தைச் சரியான நேரத்தில் கொடுப்பதே அந்த வேலையில் காட்ட முடிந்த அன்பு. இந்த வாக்கியம் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கிறதா, நிறைவாக இருக்கிறதா? பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பார்ப்பதற்கு வழிகள் உண்டு. உறவினர் யாராவது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் ஓர் இரவு அட்டெண்டராகத் தங்குங்கள். இரவு 2 மணியிலிருந்து 5 மணிவரை செவிலியர் என்னென்ன செய்தார் என்று எழுதுங்கள். உடல் அதிகம் தூக்கம் கேட்கும் நேரம் அது. நோயாளியின் நிலை திடீரென மோசமானாலும் கண்டுபிடிக்க வேண்டியவர் அந்த நேரத்தில் அவர்தான். செஞ்சிலுவைச் சங்கம் அல்லது செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் நடத்தும் முதலுதவிப் பயிற்சியில் சேருங்கள். மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு நர்சிங் மாணவிகள் இருவரிடமும், வேலையில் ஐந்து ஆண்டு தாண்டிய ஒரு சிஸ்டரிடமும் தனித்தனியே பேசுங்கள். “பிடிச்சிருக்கா?” என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். “போன வாரம் ரொம்பக் கஷ்டமாயிருந்த டூட்டி எது, ஏன்?” என்று கேளுங்கள்.

படி 2: உடம்பு, அருவருப்பு, பயம்

மலம், மூத்திரம், வாந்தி, சளி, சீழ், ரத்தம் எல்லாம் அன்றாட வேலையின் பகுதி. ஆரம்பத்தில் குமட்டுவது ஒரு குறையே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு சில வாரங்களில் பழகிவிடுகிறது. ரத்தத்தைப் பார்த்ததும் மயங்கி விழுகிறவர்களுக்கு மட்டும் கூடுதல் யோசனை தேவை. அதையும் பயிற்சியால் குறைக்கலாம் என்றாலும், ஒரு டாக்டரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். அருவருப்பைவிட முக்கியமான கேள்வி இன்னொன்று: படுக்கையை நனைத்துவிட்டுக் கூசிப்போய்ப் படுத்திருக்கும் பெரியவரின் முகத்தில் அந்தக் கூச்சம் கூடாதபடி உங்களால் துணி மாற்ற முடியுமா? வீட்டில் தாத்தா பாட்டியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இதன் பதில் ஏற்கனவே தெரிந்திருக்கும்.

உடல்நிலையில் சேருமுன் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டியவை: முதுகுவலி, முழங்கால் வலி, கால் நரம்புச் சுருட்டல், வலிப்பு நோய், ஆஸ்துமா, கைத்தோல் அரிப்பு. தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும், அதனால் நைட் டூட்டி ஆபத்தாகலாம். ஒரு ஷிஃப்ட்டில் பல முறை ஸ்பிரிட் கலந்த திரவம் கையில் படும். எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ளவர்களுக்குக் கை வெடிக்கும். முதுகுவலியின் முக்கியக் காரணம் நோயாளியைத் தனியாகத் தூக்குவது. இரண்டு பேர் விரிப்பைப் பிடித்து நகர்த்துவதே சரியான முறை. ஆள் இல்லை என்று தனியாக இழுப்பவர்கள்தான் பின்னாளில் முதுகைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

தொற்றுப் பயம் நியாயமானது, சமாளிக்கவும் கூடியது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 0, 1, 6 மாதங்களில் மூன்று முறை போட்டு, கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பு அளவு பார்க்க வேண்டும். 10 அலகும் அதற்கு மேலும் இருந்தால் பாதுகாப்பு உண்டு. ஆறு மாதம் ஆகும் என்பதால், சேர்வது உறுதியானதும் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி குத்திக்கொள்ளும் விபத்துகளில் கணிசமானவை, பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடும்போது நடக்கின்றன. குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, உடனே தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். திட்டு வாங்குவோமோ என்று பயந்து மறைப்பவர்கள் இழப்பது அந்த முதல் மணி நேரங்களைத்தான். தவறை உடனே வாய்விட்டுச் சொல்லும் குணம் இந்த வேலைக்கு அடிப்படைத் தகுதி. அது இயல்பாக வராதவர்கள் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

படி 3: மூன்று கணக்குகள்

யாரும் சொல்லாத சோதனை இது. காகிதம், பேனா மட்டும் வைத்துக்கொண்டு போடுங்கள்.

ஒன்று. 500 மில்லி சலைன் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும். ட்ரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?

இரண்டு. 10 கிலோ எடையுள்ள குழந்தை. பாராசிட்டமால் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று ஆர்டர். கையில் இருக்கும் சிரப்பில் 5 மில்லியில் 125 மில்லிகிராம். எத்தனை மில்லி கொடுப்பீர்கள்? 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள பாட்டில் கையில் இருந்தால்?

மூன்று. 1 கிராம் ஆன்டிபயாடிக் பொடியைக் கரைத்து மொத்தம் 10 மில்லி ஆக்கியாயிற்று. நோயாளிக்கு 750 மில்லிகிராம் தேவை. எவ்வளவு எடுப்பீர்கள்?

விடை: 500 × 20 ÷ 240, அதாவது சுமார் 42 சொட்டு. இரண்டாவதற்கு 6 மில்லி, பாட்டில் மாறினால் 3 மில்லி. மூன்றாவதற்கு 7.5 மில்லி.

தவறினால் சோர்ந்துவிட வேண்டாம். எட்டாம் வகுப்புக் கணக்குத்தான், ஒரு மாதப் பயிற்சியில் வந்துவிடும். ஆனால் “கிட்டத்தட்ட சரி” என்று மனம் சமாதானம் ஆகிறதா என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது கணக்கில் பாட்டிலைப் பார்க்காமல் 6 மில்லி ஊற்றினால் குழந்தைக்கு இரட்டிப்பு மருந்து போகும். இன்சுலினில் இன்னும் மோசம். இந்தியாவில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வகைக் குப்பிகளும் புழங்குகின்றன. 40க்கான சிரிஞ்சு சிவப்பு மூடி, 100க்கானது ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் நோயாளிக்கு இரண்டரை மடங்கு இன்சுலின் போய்ச் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை நீர்க்காமல் நேரே நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். நூறாவது முறையும் லேபிளைப் படிக்கிறவர்தான் இங்கே நல்ல செவிலியர். அசந்தால் ஊகித்துவிடும் பழக்கம் உள்ளவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

படி 4: மனிதர்கள்

சாவைப் பார்க்க வேண்டிவரும். இறந்தவரைச் சுத்தம் செய்து, குழாய்களை எடுத்து, துணி சுற்றி உறவினரிடம் ஒப்படைப்பதும் செவிலியர் பொறுப்பு. ஐந்து நிமிடம் கழித்து அடுத்த படுக்கையில் பிரசவமான பெண்ணிடம் சிரித்த முகத்தோடு பேச வேண்டும். இதற்கு அழுகை வரக்கூடாது என்று பொருள் இல்லை. அழுதபின் அடுத்த ஊசிக்குக் கை நடுங்கக்கூடாது, அவ்வளவே.

கோபப்படும் உறவினர்கள், எல்லார் முன்னாலும் திட்டும் டாக்டர்கள், சீனியர்களின் அதிகாரம் எல்லாம் உண்டு. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் மீதான வன்முறைக்கு எதிராக 2008ல் இயற்றிய சட்டம் செவிலியர்களையும் காக்கிறது. ஆனாலும் தகராறு தொடங்கும்போது முதலில் எதிரில் நிற்பவர் செவிலியர்தான். பணிந்து போகத் தெரிந்தால் மட்டும் போதாது. “டாக்டர், இந்த டோஸ் அதிகமாகத் தெரிகிறது, ஒருமுறை பாருங்கள்” என்று சொல்லும் தைரியமும் வேண்டும். வாயே திறக்காத சாது என்பதற்காகப் பிள்ளையை நர்சிங்கில் சேர்க்கும் பெற்றோர் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

பாடப்புத்தகம், தேர்வு எல்லாம் ஆங்கிலம். தமிழ்வழி மாணவர்கள் முதல் செமஸ்டரில் திணறுவது உடற்கூறியலிலும் உடலியங்கியலிலும்தான். சேர்வதற்கு முன் எலும்புகள், உறுப்புகள், ரத்த ஓட்டம் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களை நாளொன்றுக்குப் பத்தாகப் படித்தால் அந்தத் திணறல் வெகுவாகக் குறையும்.

ஆண்களுக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு. தீவிர சிகிச்சை, அவசரப் பிரிவு, டயாலிசிஸ், 108 ஆம்புலன்ஸ் போன்றவற்றில் நன்றாகவே வருகிறார்கள். ஆனால் கதவுகள் சற்றுக் குறுகலானவை. எய்ம்ஸ் நர்சிங் அலுவலர் பணியிடங்கள் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 20 என்ற விகிதத்தில் நிரப்பப்படுகின்றன. சில கல்லூரிகள் பெண்களை மட்டுமே சேர்க்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு வந்தால் ஏமாற்றம் இருக்காது.

படி 5: எந்தப் படிப்பு

பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர். பிளஸ் 2வில் இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஆங்கிலமும் படித்து மொத்தம் 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40). வயது 17 நிரம்பியிருக்க வேண்டும். ஜி.என்.எம். எனப்படும் பொது செவிலியர், தாதியர் டிப்ளமா மூன்று ஆண்டு. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி கலை, வணிகப் பிரிவு மாணவர்களும் 40 சதவீதம் இருந்தால் சேரலாம், அறிவியல் பிரிவுக்கு முன்னுரிமை. ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர், தாதியர் படிப்பு இரண்டு ஆண்டு, பெண்களுக்கு மட்டும். கிராம சுகாதார செவிலியர் பணிக்கான பாதை அது. ஜி.என்.எம். முடித்தவர்கள் பின்னர் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் படித்துப் பட்டம் பெறலாம். கையில் பணம் குறைவு, சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும் என்றால் இது மதிக்கத்தக்க வழி. இரண்டுக்கும் தகுதி இருந்து, செலவும் தாங்கும் என்றால் பி.எஸ்சி.யே நல்லது. மேல்படிப்பு, ஆசிரியர் பணி, வெளிநாடு மூன்றுக்கும் நேரான வழி அதுதான்.

தமிழ்நாட்டில் அதிகம் பேர் ஏமாறுவது இன்னொரு இடத்தில். ஊருக்கு ஊர் மாடிக் கட்டடங்களில் “ஓராண்டு நர்சிங் டிப்ளமா”, “ஹெல்த் அசிஸ்டென்ட்”, “நர்சிங் அசிஸ்டென்ட்” என்று பலகை தொங்குகிறது. வெள்ளைச் சீருடை கொடுப்பார்கள், மருத்துவமனைக்கும் அனுப்புவார்கள். ஆனால் இவற்றை முடித்தவர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் (மாநில நர்சிங் கவுன்சிலில்) பதிவு செய்ய முடியாது. பதிவில்லாதவர் சட்டப்படி செவிலியர் ஆக மாட்டார். அரசுத் தேர்வு எழுத முடியாது, செவிலியராக வெளிநாடு போக முடியாது. எத்தனை ஆண்டு வேலை செய்தாலும் உதவியாளர் சம்பளத்தைத் தாண்டுவது கடினம். வறுமையிலிருந்து எழுந்துவரப் பார்க்கும் பிள்ளைகளின் காலத்தையும் பணத்தையும் இவை விழுங்குகின்றன. சேருமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “முடித்ததும் கவுன்சிலில் பதிவு எண் கிடைக்குமா? எழுத்தில் கொடுப்பீர்களா?”

சேர்க்கைக்கு, தமிழ்நாட்டில் பி.எஸ்சி. அரசு ஒதுக்கீட்டு இடங்களைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு பிளஸ் 2 மதிப்பெண் தரவரிசைப்படி கலந்தாய்வு மூலம் நிரப்புகிறது. புதுச்சேரி ஜிப்மருக்கும், ராணுவ மருத்துவச் சேவையின் நர்சிங் கல்லூரிகளுக்கும் நீட் மதிப்பெண் வேண்டும். ராணுவக் கல்லூரிகள் பெண்களுக்கு மட்டும், மணவாழ்வில் இருப்பவர்கள் சேர முடியாது. எய்ம்ஸ் தனித் தேர்வு நடத்துகிறது. 1946லேயே பட்டப் படிப்பைத் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யின் சேர்க்கையும் தனி. இவற்றின் கடைசித் தேதிகள் பிளஸ் 2 முடிவுக்கு முன்பே வந்துவிடக்கூடும். அதனால் ஜனவரியிலிருந்தே இணையதளங்களைப் பாருங்கள்.

படி 6: கல்லூரியைச் சோதியுங்கள்

முதலில் ஆவணம். இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் அந்த ஆண்டுக்குக் கல்லூரியின் பெயரும் இடங்களின் எண்ணிக்கையும் உள்ளனவா, மாநிலக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டதா என்று பாருங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் கடைசிக் கேள்வி பொருந்தாது. கல்லூரி காட்டும் சான்றிதழ் நகலை நம்பாமல் இணையப் பட்டியலில் நீங்களே தேடுங்கள். 2023ல் தேசிய செவிலியர், தாதியர் ஆணையச் சட்டம் வந்திருப்பதால் அமைப்புகளின் பெயர் மாறலாம். கேட்க வேண்டிய கேள்விகள் அவையேதான்.

அடுத்தது மருத்துவமனை. பி.எஸ்சி. நடத்தும் கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கையுள்ள சொந்த மருத்துவமனை வேண்டும். ஒரு வேலை நாளில் போய் நோயாளிகள் உண்மையில் இருக்கிறார்களா என்று பாருங்கள். காலிக் கட்டில்கள் கற்றுக்கொடுக்காது. பிரசவ வார்டு ஓடுகிறதா, ஐ.சி.யூ. உண்டா, வேறெந்த மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், பஸ் செலவு யாருடையது என்று கேளுங்கள். பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. ஆசிரியர்கள் வகுப்பில் இருக்கிறார்களா, ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் இருக்கிறார்களா என்பதை மாணவிகள் சொல்வார்கள். தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும், பட்டம் பெறச் செய்முறைப் பயிற்சியை நூறு சதவீதம் முடித்திருக்க வேண்டும். “வராமலே பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லும் கல்லூரியை அன்றே விட்டுவிடுங்கள். அப்படிப் படித்தவரிடம் ஊசி போட்டுக்கொள்ள நீங்களே சம்மதிக்க மாட்டீர்கள்.

அசல் சான்றிதழைச் சரிபார்த்ததும் திரும்பக் கேளுங்கள். பிறகு வேலையில் சேரும்போதும் அசலைப் பிணையாகக் கொடுக்காதீர்கள்.

படி 7: பணம்

கல்விக் கட்டணத்தோடு ஹாஸ்டல், சாப்பாடு, சீருடை, ரெக்கார்டு நோட்டு, பயிற்சிப் பயணம், பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், கடைசியில் பதிவுக் கட்டணம் என எல்லாவற்றையும் கூட்டி நான்கு ஆண்டுக்குக் கணக்கிடுங்கள். 6 லட்சம் கடன் வாங்கி 10 சதவீத வட்டியில் ஏழு ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 9,960 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி தனி.

இதை முதல் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2016ல் அமைந்த மத்தியக் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேற்பட்ட இடங்களில் அரசுச் சம்பளத்துக்கு இணையாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சிறிய ஊர்களில் இன்றும் பலருக்கு அந்த 20,000 தொடக்கத்தில் கிடைப்பதில்லை. இது அநியாயம்தான். ஆனாலும் கடன் தவணை அந்த நடப்புச் சம்பளத்திலிருந்துதான் போகும். அதனால் அரசுக் கல்லூரி அல்லது அரசு ஒதுக்கீட்டு இடத்துக்காக ஓராண்டு காத்திருப்பதுகூடச் சில குடும்பங்களுக்குச் சரியான முடிவு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு.

அரசு வேலை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வருகிறது. தேர்ச்சி பெற்றவர்கள் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, நிரந்தரம் ஆவதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்திருக்கிறது. நர்சிங் அலுவலர் பணிக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வில் வென்றால் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900, படிகள் தனி. போட்டி கடுமை. நான்காம் ஆண்டிலேயே படிக்கத் தொடங்கியவர்கள்தான் பெரும்பாலும் வெல்கிறார்கள்.

வெளிநாட்டைத் திட்டமிடுபவர்கள் பட்டத்துக்குப் பிறகு இன்னும் இரண்டு மூன்று ஆண்டு சேர்த்துக் கணக்கிட வேண்டும். வளைகுடா நாடுகள் பெரும்பாலும் இரண்டு ஆண்டு அனுபவம், சான்றிதழ் சரிபார்ப்பு, உரிமத் தேர்வு கேட்கின்றன. பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் வாசித்தல், கேட்டல், பேசுதல் ஒவ்வொன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். பிறகு கணினித் தேர்வு, செய்முறைத் தேர்வு. அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் என்ற செவிலியர் உரிமத் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழித் தேர்ச்சி. படித்தபின் இரண்டு ஆண்டு வீட்டில் இருந்துவிட்டால் அனுபவத்தில் விழும் இடைவெளி பெரிய தடை. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. முதலில் அங்கே பதியுங்கள். தனியார் ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணைப் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்.

படி 8: முடிவு

படி 1 முதல் 4 வரை எழுதி வைத்த குறிப்புகளை எடுங்கள். வேலை பிடிக்கிறது, கணக்கு பலவீனம் என்றால் சேரலாம், பயிற்சியால் சரியாகும். வேலை பிடிக்கிறது, பணம் இடிக்கிறது என்றால் ஜி.என்.எம். அல்லது காத்திருப்பு. மற்றதெல்லாம் சரி, நோயாளியின் அருகில் நாளெல்லாம் நிற்பது மட்டும் பிடிக்கவில்லை என்றால் வேறு துறையைப் பாருங்கள். சம்பளமோ வெளிநாடோ அந்தக் குறையை ஈடுகட்டாது. “அம்மா அப்பா சொன்னாங்க” என்பது மட்டுமே காரணம் என்றால், பெற்றோரையும் கூட்டிக்கொண்டு படி 1ஐ மீண்டும் செய்யுங்கள்.

மருத்துவமனைச் சூழல் பிடித்து, செவிலியர் பணி ஒத்துவராதவர்களுக்கு இயன்முறை மருத்துவம், ரேடியோகிராபி, அறுவை அரங்கத் தொழில்நுட்பம், டயாலிசிஸ், கண் பார்வை அளவியல், மருந்தாளுநர் பட்டம் என்று வழிகள் உண்டு. தேர்வுக் குழுவின் துணை மருத்துவப் பட்டப் படிப்புகளுக்கான அதே விண்ணப்பத்தில் இவற்றுக்கும் நர்சிங்குக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம். எனவே இன்னும் முடிவு வராதவர்கள் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிடுங்கள். கலந்தாய்வு வரை கிடைக்கும் வாரங்களில் முதல் மூன்று படிகளை முடித்துவிட்டு, எந்தப் படிப்பை முதலில் வைப்பது என்று அப்போது தீர்மானிக்கலாம்.